நிலவு விலகுவதற்குப் பிரபஞ்ச விரிவு காரணமல்ல: தமிழில் வானியல் சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் வானியல் காணொலி செய்யும் நண்பர்களுக்கும், கோளரங்குகளில் விளக்கம் சொல்வோருக்கும், பள்ளி அறிவியல் மன்றங்களில் வகுப்பெடுப்போருக்கும் வணக்கம்.

நான் இயற்பியல் ஆசிரியர். மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கியில் நிலவு காட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதி உங்களிடமிருந்துதான் வருகிறது. கருந்துளையும் நியூட்ரான் விண்மீனும் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் சரளமாக வருகிறதென்றால் அதில் உங்கள் உழைப்பு இருக்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக ஒரு விளக்கம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது: "பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது. அதனால்தான் நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது." பிரபஞ்சம் விரிவது உண்மை. நிலவு அந்த அளவு விலகுவதும் உண்மை. முதலாவதால் இரண்டாவது நடக்கிறது என்பது தவறு. சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நிலவு ஏன் விலகுகிறது, பிரபஞ்ச விரிவு என்றால் என்ன என்ற இரண்டு அருமையான கதைகளையும் இந்தத் தவறு ஒரே அடியில் கெடுத்துவிடுகிறது.

முதலில் அந்த 3.8 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1969 ஜூலையில் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் ஒரு எதிரொளிப்பான் பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும் 100 கண்ணாடிப் பட்டகங்கள் அதில் இருந்தன. அப்போலோ 14 அதேபோல் இன்னொன்றை வைத்தது. 1971இல் அப்போலோ 15 வைத்த பலகையில் 300 பட்டகங்கள். சோவியத் நாட்டின் இரண்டு லூனாகோட் ஊர்திகளும் எதிரொளிப்பான்களோடுதான் இறங்கின. பூமியிலிருந்து லேசர் துடிப்பை அனுப்பினால் சுமார் இரண்டரை விநாடியில் திரும்பி வருகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கோடானுகோடி ஒளித்துகள்கள் புறப்படுகின்றன. திரும்பி வந்து தொலைநோக்கியில் சிக்குவது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டின் பயண நேரத்தை வைத்து, 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒன்றின் தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அப்பாச்சி பாயிண்ட் ஆய்வகம் இந்த நுணுக்கத்தை எட்டிய இடம். 2023இல் நிலவில் இறங்கிய நம் விக்ரம் கலத்திலும் நாசா கொடுத்த ஒரு குட்டி எதிரொளிப்பான் உண்டு. நிலவைச் சுற்றிவரும் அமெரிக்கக் கலம் ஒன்று அந்த ஆண்டு டிசம்பரில் அதன் மீது லேசர் அடித்து எதிரொளியை வாங்கியது. பூமியிலிருந்து அளக்க அதன் சிறிய உருவம் போதாது, ஆனாலும் பிள்ளைகளிடம் சொன்னால் கண்கள் விரியும்.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் இப்படி அளந்ததில் கிடைத்ததுதான் ஆண்டுக்கு 3.8 செ.மீ. என்ற எண். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். நிலவு கடலை இழுக்கிறது, கடல் ஏறி இறங்குகிறது. இது எல்லாருக்கும் தெரியும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஒரு நாள் ஆகிறது. நிலவு பூமியைச் சுற்ற 27.3 நாள் ஆகிறது. பூமி வேகமாகச் சுழல்வதாலும் கடல்நீர் உராய்ந்து தாமதமாக அசைவதாலும், பொங்கிய நீர்த்திரள் நிலவுக்கு நேர் கீழே நிற்காமல் சற்று முன்னால் போய்விடுகிறது. முன்னால் போன அந்த நீர் தன் ஈர்ப்பால் நிலவை முன்னோக்கி இழுக்கிறது. தொடர்ந்து முன்னோக்கி இழுபடும் நிலவுக்கு ஆற்றல் கூடி, அதன் பாதை மெல்ல மெல்லப் பெரிதாகிறது. அதே நேரம் நிலவும் அந்த நீர்த்திரளைப் பின்னோக்கி இழுக்கிறது. அதனால் பூமியின் சுழற்சி மந்தமாகிறது, நம் நாள் நீள்கிறது. பூமி இழக்கும் கோண உந்தம், அதாவது சுழலும் இயக்கத்தின் அளவு, நிலவுக்குப் போய்ச் சேர்கிறது. நிஜக் கடலில் இப்படி ஒழுங்கான ஒரு மேடு நிற்பதில்லை. கண்டங்கள் குறுக்கே நிற்கின்றன, ஆழமில்லாத கடல்களில் நீர் அலைக்கழிகிறது, ஆழ்கடல் மலைத்தொடர்களில் மோதி ஆற்றல் சிதறுகிறது. ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் விளைவு இதேதான்.

இந்த யோசனை பழையது. கடலின் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சியைத் தடுக்கும் என்று 1754இலேயே இம்மானுவேல் கான்ட் எழுதினார். சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலவின் பாதை எப்படி வளர்ந்து வந்திருக்கும் என்று முழுக் கணக்கே போட்டார். விண்மீன் திரள்கள் விலகுகின்றன என்று எட்வின் ஹபிள் காட்டியது 1929இல். அதாவது, பிரபஞ்சம் விரிகிறது என்ற எண்ணமே மனிதர்களுக்கு வராத காலத்தில் நிலவு விலகுவதற்கான காரணம் கையில் இருந்தது.

சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். குஜராத்தின் கம்பாத் வளைகுடாவில் அது 10 மீட்டர் வரை போகும். இப்படி உலகமெங்கும் ஏறி இறங்கும் கடலை 1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்-போசைடான் செயற்கைக்கோள் ரேடாரால் அளந்தது. ஏற்றவற்றத்தில் கரையும் ஆற்றல் மொத்தம் விநாடிக்கு சுமார் 3.7 லட்சம் கோடி ஜூல், அதாவது 3.7 டெராவாட் என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் உற்பத்தியாகும் மின்சாரத்தின் சராசரிக்கு நெருக்கமான அளவு இது. இதில் நிலவின் பங்கை எடுத்து, அதனால் நிலவு எவ்வளவு வேகமாக விலக வேண்டும் என்று பார்த்தால், லேசரில் அளந்த அதே எண் வருகிறது. ஒன்று கடலில் செய்த அளவு, மற்றொன்று நிலவின் தூரத்தை நேராக அளந்தது. இரண்டும் தனித்தனி வழிகள். இரண்டும் பொருந்திய பிறகு பிரபஞ்ச விரிவுக்கென்று மிச்சம் வைக்க அங்கே ஒன்றுமில்லை.

சரி, பிறகு ஏன் இந்தக் குழப்பம்? அதற்கு ஒரு நியாயமான காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பிரபஞ்சம் எந்த விகிதத்தில் விரிகிறது என்று சொல்லும் ஹபிள் மாறிலி, 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு விநாடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் விலகல் என்கிறது. அதே விகிதத்தை அப்படியே நிலவின் தூரத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 2.7 செ.மீ. சொச்சம் வரும். அளந்த 3.8க்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு. நிலவு விலகுவதில் ஒரு பங்கு பிரபஞ்ச விரிவால் என்று அவர்கள் வாதிட்டார்கள். அவர்களை எள்ளவில்லை. கேள்வி நல்ல கேள்வி. பதில்தான் 'இல்லை, விரிவு காரணமல்ல' என்று வருகிறது.

எப்படி என்று பார்ப்போம். தெற்கு ஆஸ்திரேலியாவில் எலட்டினா என்ற இடத்தில் சுமார் 62 கோடி ஆண்டுப் பழமையான படிவுப் பாறைகள் இருக்கின்றன. கடல் ஏறி இறங்கியபோது படிந்த மணலும் வண்டலும் மெல்லிய அடுக்கடுக்காக உறைந்து நிற்கின்றன. அந்த அடுக்குகளின் தடிமன் கூடிக் குறையும் ஒழுங்கிலிருந்து அக்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 நாள் இருந்ததையும், ஒரு நாள் ஏறக்குறைய 22 மணி நேரம் இருந்ததையும், நிலவு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நிலவு விலகிய சராசரி வேகம் ஆண்டுக்கு சுமார் 2.2 செ.மீ. அந்தப் பாறைக் கணக்குக்கும் பிழை எல்லை உண்டு. அந்த எல்லையைச் சேர்த்தாலும் 2.7ஐத் தொடவில்லை. பிரபஞ்ச விரிவு மட்டுமே நிலவை 2.7 செ.மீ. நகர்த்தியிருந்தால், கடல் அத்தனை கோடி ஆண்டுகளாக நிலவை உள்நோக்கி இழுத்திருக்க வேண்டும். பூமி நிலவைவிட வேகமாகச் சுழலும்வரை அப்படி நடக்க வழியே இல்லை.

அன்றைய வேகம் இன்றைய வேகத்தைவிடக் குறைவாக இருந்ததற்குக் காரணமும் கடல்தான். கண்டங்கள் இடம் மாறும்போது கடல்களின் வடிவம் மாறுகிறது. இன்றைய அட்லாண்டிக்கின் அகலமும் ஆழமும் ஏற்றவற்ற அலைகளோடு ஒத்திசைந்து அவற்றைப் பெரிதாக்குகின்றன. இன்றைய 3.8ஐ வைத்தே பின்னோக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 150 கோடி ஆண்டுக்கு முன்பே நிலவு பூமியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று வரும். நிலவின் வயதோ 450 கோடி ஆண்டு. இந்த முரணைத் தீர்ப்பது பழைய கடல்களின் வடிவம். நிலவின் கதைக்குள் நம் கண்டங்கள் நகர்ந்த கதையும் அடங்கியிருக்கிறது. 'பிரபஞ்சம் விரிகிறது, அதனால்' என்று சொல்லி முடித்துவிட்டால் இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கிடைக்காமலே போய்விடும்.

இன்னொரு ஆட்சேபத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. நிலவு 3.8 செ.மீ. விலகுவதால் நம் நாள் நூறு ஆண்டுக்கு 2.3 மில்லி விநாடி நீள வேண்டும். பாபிலோனியர், சீனர், அரேபியர் எழுதி வைத்த பழைய கிரகணக் குறிப்புகளை வைத்துப் பார்த்தால் நீள்வது சுமார் 1.8 மில்லி விநாடிதான். நிலவு கூடுதலாக விலகுகிறது, பூமி அதற்கு ஈடாகத் தன் சுழற்சியை இழக்கவில்லை, எனவே விரிவுதான் காரணம் என்பது வாதம். ஆனால் இடைவெளிக்கு விடை பூமியிலேயே இருக்கிறது. பனியுகத்தில் கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் அழுத்திக்கொண்டிருந்த பனிப்பாளங்கள் உருகிய பிறகு அந்த நிலம் இன்றும் மேலெழுந்து வருகிறது. பூமி மெல்ல உருண்டை வடிவத்தை நெருங்குகிறது, அதனால் அதன் சுழற்சி சற்று வேகம் பிடிக்கிறது. 1976இல் ஏவப்பட்ட லேஜியோஸ் செயற்கைக்கோளின் பாதையில் இந்த வடிவ மாற்றம் அளவாகவே தெரிந்தது. வித்தியாசத்தின் பெரும்பகுதி அங்கே சரியாகிவிடுகிறது.

இதுவரை சொன்னது அளவுகள். இனி ஏன் அப்படி என்பது. நீங்கள் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டியது இந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன்.

பிரபஞ்ச விரிவு ஒரு விசை அல்ல. எங்கும் பரவி நின்று எல்லாவற்றையும் பிய்த்து இழுக்கும் ஒரு காற்றோ வெள்ளமோ அல்ல. பெருந்தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் ஒழுங்குக்கு நாம் வைத்த பெயர் அது. தொடக்கத்தில் பொருள் எல்லாமே அந்த விலகலில் இருந்தது. எங்கெல்லாம் பொருள் கொஞ்சம் நெருக்கமாக இருந்ததோ அங்கெல்லாம் ஈர்ப்பு அந்த விலகலை மெதுவாக்கி, நிறுத்தி, திருப்பிச் சேர்த்துக்கொண்டது. நம் பால்வெளி மண்டலம் அப்படிச் சேர்ந்தது. அதற்குள் இருந்த ஒரு வாயு மேகம் சுருங்கி 460 கோடி ஆண்டுக்கு முன் சூரியன் உருவானது. பூமியின் மீது இன்னொரு பெரிய கோள் மோதித் தெறித்த பொருளிலிருந்து, பூமிக்கு மிக அருகிலேயே நிலவு திரண்டது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நிலவின் பொருள் விரிவிலிருந்து விடுபட்டு எத்தனையோ காலத்துக்குப் பிறகு நடந்தது அது. விடுபட்ட பொருளுக்கு விரிவைப் பற்றிய நினைவு எதுவும் இல்லை. மறுபடியும் போய்ச் சேர்ந்துகொள்ள எந்தத் தூண்டுதலும் இல்லை.

இதை 1945இல் ஐன்ஸ்டைனும் எர்ன்ஸ்ட் ஸ்ட்ராஸும் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். விரியும் பிரபஞ்சத்தில் ஒரு பெரிய கோளத்தை மனதில் வரைந்து, அதற்குள் இருக்கும் பொருளையெல்லாம் நடுவில் ஒரு விண்மீனாகத் திரட்டி வைத்தால் என்ன ஆகும்? கோளத்துக்கு வெளியே எல்லாம் விரிந்துகொண்டே போகும். உள்ளேயோ, தனியாக நிற்கும் ஒரு விண்மீனைச் சுற்றி என்ன நடக்குமோ அதேதான் நடக்கும். வெளியே எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய பொருளின் இழுப்பு உள்ளே ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். உள்ளே சுற்றும் கோளுக்கு வெளியே பிரபஞ்சம் விரிகிறதா சுருங்குகிறதா என்பதே தெரியாது. நிஜப் பிரபஞ்சம் இவ்வளவு நேர்த்தியான கோளங்களாகப் பிரிந்து கிடக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டுரையின் சாரம் அப்படியே நிற்கிறது.

அப்படியானால் விளைவு சுத்தமாகப் பூஜ்ஜியமா என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் கேட்பார். இல்லை. விரிவை வேகப்படுத்தும் இருண்ட ஆற்றல் என்று ஒன்று இருக்கிறது. 1998இல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களைப் பார்த்து, விரிவு வேகம் கூடிவருகிறது என்று கண்டபோது தெரிந்தது. அது வெற்றிடத்திலேயே சீராகப் பரவியிருப்பதாகத்தான் இதுவரையான அளவுகள் பெரும்பாலும் சொல்கின்றன. அப்படியென்றால் பூமிக்கும் நிலவுக்கும் இடையிலும் இருக்கிறது. எவ்வளவு? நிலவின் பாதை வரை ஒரு பெரிய கோளம் போட்டு, அதற்குள் இருக்கும் இருண்ட ஆற்றல் முழுவதையும் நிறையாக மாற்றினால் சுமார் ஒன்றரைக் கிலோ வரும். நான் முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது விடையை நம்பாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின்படி அதன் விலக்கு விளைவு நிறையைப் போல் இரண்டு பங்கு. ஆக மூன்று கிலோ எடைக் கல் ஒன்றின் ஈர்ப்பு அளவுக்கு ஒரு தள்ளல். எதிரில் பூமியின் நிறை 6க்குப் பின்னால் 24 பூஜ்ஜியம் போட்ட கிலோ. இந்தத் தள்ளலால் நிலவின் பாதை பெரிதாவது ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவதல்ல. இருண்ட ஆற்றலின் அடர்த்தி மாறாமல் இருக்கும்வரை அந்த வித்தியாசமும் அப்படியே நிற்கும். நிலவு அதனால் விலகிப் போவதில்லை, ஒரு நூலிழைகூட இல்லை என்று சொல்வதற்கே நூலிழை மிக மிகப் பெரிய அளவு.

இதையே வேறு மாதிரிக் கேட்கலாம். பிரபஞ்சத்தில் பூமியும் நிலவும் தவிர வேறெதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பூமியின் பிடியை இருண்ட ஆற்றல் வெல்ல வேண்டுமானால் நிலவு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? கணக்கு சொல்வது சுமார் 5 ஒளியாண்டு. சூரியனுக்கு அடுத்த விண்மீனே 4.2 ஒளியாண்டில்தான் இருக்கிறது. நிலவு இருப்பதோ ஒன்றேகால் ஒளிவிநாடியில்.

ஹபிள் மாறிலியை நேராக நிலவுக்குப் போடுவது ஏன் தவறு என்பதும் இங்கே தெளிவாகும். நியூட்டன் காலத்திலிருந்து நாம் அறிந்தது, பொருளின் இயக்கத்தை மாற்றுவது முடுக்கம். தொலைதூர விண்மீன் திரள் எந்த வேகத்தில் போகிறது என்பது நிலவை எதுவும் செய்யாது. விரிவின் வேகம் எப்படி மாறுகிறது என்பதிலிருந்து வரும் அந்தச் சின்னஞ்சிறு தள்ளல் மட்டுமே செய்யும். 2.7 செ.மீ. என்ற எண் வேகத்தைப் பெருக்கி வந்தது. அந்தப் பெருக்கலுக்கு அங்கே வேலையே இல்லை.

நிலவின் கதையில் கடல் குறுக்கிடுவதால் திருப்தி இல்லை என்பவர்களுக்கு, கடலே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது. 1974இல் ரஸ்ஸல் ஹல்ஸும் ஜோசப் டெய்லரும் ஒன்றையொன்று ஏழே முக்கால் மணி நேரத்தில் சுற்றும் இரண்டு நியூட்ரான் விண்மீன்களை, அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த கருக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்று, சுழன்றபடி சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சர் என்பதால் அதன் துடிப்புகளை வைத்துப் பாதையை மிக நுணுக்கமாக அளக்க முடிகிறது. வெளியில் அதிர்வாகப் பரவும் ஈர்ப்பலைகளாக ஆற்றலை இழந்து அந்தப் பாதை ஆண்டுக்குச் சுமார் மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. பொதுச் சார்பியல் சொன்ன அளவோடு இது ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு துல்லியத்தில் பொருந்துகிறது. 1993இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஹபிள் விகிதத்தில் அந்தப் பாதை விரிந்திருந்தால் ஆண்டுக்கு 14 செ.மீ. போல எதிர்த்திசையில் கழிந்திருக்கும். மூன்றரை மீட்டரில் அது நூற்றுக்கு நான்கு பங்கு. கண்ணில் படாமல் தப்பியிருக்கவே முடியாது. எனக்கு இதுவே எல்லாவற்றிலும் அழகான சான்று. ஆனால் தமிழில் இந்தக் கேள்வியோடு சேர்த்து யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சூரியக் குடும்பத்திலும் அப்படித்தான். ஹபிள் விகிதம் இங்கேயும் செல்லுபடியாகுமென்றால் பூமி சூரியனைவிட்டு ஆண்டுக்குப் பத்து மீட்டருக்கு மேல் விலக வேண்டும். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் தொடங்கி இன்றுவரை கோள்களுக்கு ரேடியோ அலை அனுப்பித் தூரம் அளப்பதில், அந்த மாதிரி எதுவும் தென்படவில்லை.

கடைசியாக ஆண்ட்ரோமீடா. 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் இந்தத் திரள் விரிவோடு போயிருந்தால் விநாடிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் விலகிக்கொண்டிருக்க வேண்டும். நிஜத்தில் விநாடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் பால்வெளியை நோக்கி வருகிறது. அது நம் பக்கம் வருவதை வெஸ்டோ ஸ்லைஃபர் 1912இலேயே அளந்துவிட்டார். ஒரு திரளையும் அடுத்த திரளையும்கூட ஈர்ப்பு இப்படிப் பிடித்துவைத்திருக்கும்போது நிலவைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

இனி நான் உங்களிடம் கேட்பது.

பிரபஞ்ச விரிவைக் காட்டப் பலூன் ஊதும் விளக்கத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். பலூனில் பேனாவால் புள்ளி வைத்து ஊதினால் புள்ளிகளும் பெரிதாகின்றன. அதைப் பார்க்கும் பிள்ளை, விண்மீன் திரளும் பெரிதாகிறது, சூரியக் குடும்பமும் பெரிதாகிறது, நானும் பெரிதாகிறேன் என்றுதான் புரிந்துகொள்ளும். பேனாவுக்குப் பதில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். ஊத ஊதப் பொட்டுகளுக்கு இடையே தூரம் கூடும், பொட்டு அதே அளவில் இருக்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரு விண்மீன் திரள் என்று சொல்லுங்கள். நாமும் நிலவும் சூரியனும் ஒரே பொட்டுக்குள் இருக்கிறோம் என்றும் சொல்லுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். பொட்டுக்கு அடியில் ரப்பர் இழுபடுவது போல நமக்கு அடியில் வெளி இழுபட்டுக்கொண்டிருக்கிறது, ஈர்ப்பு அதை எதிர்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. அப்படி ஒரு ஓயாத இழுபறி நடக்கவில்லை. மேலே சொன்ன மூன்று கிலோ தள்ளல்தான் எல்லாமே.

'எல்லாமே விரிகிறது' என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அணுவும் அளவுகோலும் சேர்ந்தே விரிந்தால் விரிவை அளக்கவே முடியாது. தொலைதூர ஒளியின் அலைநீளம் கூடியிருக்கிறது என்று நாம் சொல்வது, இங்கே ஆய்வகத்தில் அதே அணு தரும் ஒளியோடு ஒப்பிட்டுத்தான். இங்குள்ள அணு விரியாமல் இருப்பதால்தான் அங்கே நீண்டது தெரிகிறது. இப்படி அலைநீளம் கூடுவதைச் சொல்லும் சிவப்புப் பெயர்ச்சி பற்றிப் பேசும்போது இதை ஒரு வரி சேர்த்தால் போதும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிகிறது, நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே அந்தத் தவறான விளக்கத்தோடு காணொலியோ பாடக் குறிப்போ வெளியிட்டவர்கள் தயவுசெய்து அதைத் திருத்துங்கள். உங்களைப் பார்த்துத்தான் ஆசிரியர்களும் பாடம் தயாரிக்கிறார்கள். ஒரு தடவை வகுப்பில் பதிந்தது தேர்வுத் தாளில் வந்து நிற்கிறது, அப்புறம் அதை அழிக்க ஒரு தலைமுறை ஆகும். நிலவைப் பற்றிப் பேசினால் கடலில் தொடங்குங்கள். இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் வளரும் பிள்ளைக்குக் கடல் ஏறி வற்றுவதை யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர்தான் நிலவின் பாதையை மாற்றுகிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை பிறகு வானியலை விட்டுப் போகாது.

பிள்ளைகள் அடுத்துக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: நிலவு ஒரு நாள் நம்மை விட்டுப் போயே விடுமா? போகாது. விலக விலகக் கடலின் இழுப்பு குறையும், விலகும் வேகமும் மங்கும். பூமியின் சுழற்சியும் நிலவின் சுற்றும் ஒரே காலத்துக்கு வந்தால் விலகல் நின்றுவிடும். அதற்கு ஆகும் காலம் மிக நீண்டது. அதற்கு வெகு முன்பே, இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில், சூரியன் செம்பெருமீனாக ஊதிவிடும். ஆனால் சுமார் 60 கோடி ஆண்டு கழித்து நிலவு சூரியனை முழுதாக மறைக்கும் அளவுக்குப் பெரிதாகத் தெரியாது. முழுச் சூரிய கிரகணம் என்பதே அதன் பிறகு இருக்காது. இதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

மேலே உள்ள கணக்குகள் எல்லாமே பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்குள் அடங்கும். ஒன்றரைக் கிலோவும் ஐந்து ஒளியாண்டும் எப்படி வந்தன என்று கேட்கிற யாருக்கும், காணொலிக்கு எழுதித் தர வேண்டும் என்றாலும், வகுப்பில் வந்து பலகையில் போட்டுக் காட்ட வேண்டும் என்றாலும் நான் தயார்.

அன்புடன்,
பிள்ளைகளுக்கு நிலவு காட்டும் ஓர் இயற்பியல் ஆசிரியர்